வாய்க்கால் ஓர வீடு

என் மாமனார் சாயப்பட்டறை வைத்திருந்தவர். அந்தத் தொழிலில் நாலு காசு பார்த்தவர்கள் எல்லாரும் பட்டறையின் வாடை எட்டாத இடமாகப் பார்த்து வீடு கட்டிக்கொண்டு போனபோது, அவர் மட்டும் பட்டறைக்குப் பின்னால், கழிவுத் தண்ணீர் வெளியே போகிற வாய்க்காலின் ஓரத்திலேயே வீட்டைக் கட்டினார். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். புத்தி பேதலித்துவிட்டதா என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்களும் உண்டு. எல்லாருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"நம்ம தண்ணி நம்ம வாசலைத் தாண்டித்தான் ஊருக்குள்ள போகணும்."

சாயம் போட்டு முடித்த தண்ணீர் முதலில் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டிக்குப் போகும். அங்கே மருந்து கலந்து, சாயத்தை அடியில் படிய வைத்து, மேலே தெளிந்ததை ஒரு இரும்புக் கதவு வழியாக வாய்க்காலில் விடுவார்கள். அது எங்கள் வாசலை ஒட்டி ஓடி, அப்புறம்தான் ஊருக்குள் நுழையும். மாமனார் காலையில் டீ கிளாஸோடு வாய்க்கால் கரையில் வந்து நிற்பார். தண்ணீருக்குள் வாய்க்காலின் அடி தெரிந்தால் டீயைக் குடித்து முடிப்பார். தெரியாவிட்டால் கிளாஸைச் சுவர்மேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் பட்டறைக்கு நடப்பார். அவர் வருகிற வேகத்தைப் பார்த்தே ஆட்கள் மிஷினை நிறுத்திவிடுவார்கள். என்ன ஏது என்ற விசாரணையெல்லாம் அதற்கப்புறம்தான்.

எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று, மற்ற வீடுகளில் மாப்பிள்ளைக்கு நாற்காலி போடுவார்கள், எனக்கு வாய்க்காலைக் காட்டினார்கள். "பாருங்க மாப்பிள்ளை, அடி தெரியுதா?" என்றார் மாமனார். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு சேற்றில் நின்றுகொண்டு, "நல்லாத் தெரியுது மாமா" என்றேன். உண்மையில் நான் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த வீட்டின் மாடியிலேயே குடியேறி, அந்தப் பட்டறைக்கே சாயமும் மருந்தும் வாங்கிப் போடுகிற வேலையில் உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், வீட்டோடு மாப்பிள்ளைதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் இந்தக் கதையில் வேறு இருக்கின்றன.

மாமனார் போன பிறகு பட்டறை என் மச்சான் கைக்கு வந்தது. என் மனைவியின் அண்ணன். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. சம்பளத்தை இழுத்தடிக்க மாட்டார், ஆள் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஆனால் அப்பாவைவிடப் பெரிய ஆளாக வேண்டும் என்ற ஆசை இருந்தது. அது எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை? புது மிஷின்கள் வந்தன. பக்கத்து இடத்தையும் வாங்கி ஷெட் போட்டார். ஆர்டர்கள் குவிந்தன. வளராமல் இருந்தது தொட்டி மட்டும்தான்.

"தொட்டியை அடுத்த வருஷம் பெருசாக்கிடலாம் மாப்ள" என்பார். அடுத்த வருஷமும் வந்து இதையே கேட்டுவிட்டுப் போகும். அதுவரை சமாளிக்க, மருந்தைக் கூடுதலாகக் கொட்டினோம். வாங்கிப் போட்டவன் நான். தண்ணீர் பெரும்பாலும் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் அதோடு ஒரு காரமான வாடையும் வந்தது. ஜன்னலைத் திறந்தால் தொண்டையைப் பிடிக்கும். பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

பழகாதது பாப்பாவுக்கு. மச்சானின் ஒரே மகள், அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். முதலில் இருமல் வந்தது. அப்புறம் இழுப்பு. படுத்தால் மூச்சு வாங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். ஒரு நெபுலைசர் வாங்கினார்கள். மருந்தைப் புகையாக்கி மூக்கு வழியாகக் கொடுக்கிற சின்ன மெஷின். நீலக் கலர், அதற்கொரு குட்டி முகமூடி. அது கிர்ர் என்று ஓடத் தொடங்கினால் வீடே பேச்சை நிறுத்திக்கொள்ளும். கடைசியில் டாக்டர், "மருந்து மட்டும் போதாதுங்க, வீட்டை மாத்திப் பாருங்க" என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பெரிய ரகளை.

"அப்பா இருந்திருந்தா பாப்பாவைத் தூக்கிட்டு ஓடியிருக்க மாட்டார். பட்டறையைப் பூட்டியிருப்பார்" என்றாள் என் மனைவி. "தொட்டியைப் பெருசாக்கிட்டு அப்புறம் திற அண்ணா. அதுக்குத்தானே இந்த வீட்டையே இங்க கட்டினார்."

"கட்டி முடிக்கிறவரைக்கும் என் பிள்ளை மூச்சுக்குத் தவிச்சிட்டே இருக்கணுமா?" என்றாள் மச்சானின் மனைவி. எனக்கு அக்கா முறை, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "உனக்கென்ன, அப்பா சொன்னார் அப்பா சொன்னார்னு பேசிட்டுப் போயிடுவ. அவ பக்கத்துல உட்கார்ந்து மூச்சை எண்ணிட்டிருக்கிறது நான்."

இன்றைக்கு யோசித்துப் பார்த்தாலும் அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு இல்லை. என் மனைவி சொன்னதிலும் தப்பு இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, பட்டறையையும் பூட்டியிருக்கலாம். பாதியைச் செய்தோம். சுலபமான பாதியை.

ஊரின் மறு கோடியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் எதிரெதிர் வீடுகளாகப் பார்த்துக் குடிபோனோம். பாப்பாவுக்குக் கொஞ்ச நாளிலேயே இழுப்பு நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. நெபுலைசர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. மச்சான் ஆரம்பத்தில் தினமும் காலையில் பழைய வீட்டுப் பக்கம் காரை நிறுத்தி, வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குள் போவார். பிறகு வாரத்துக்கு ஒருமுறை என்றாயிற்று. பிறகு அந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று முன்வாசல் வழியாகவே போனார். பள்ளத்தை மூடிய பிறகும் முன்வாசல்தான்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பெரிய கம்பெனி வந்தது. பல நாடுகளில் துணிக்கடை வைத்திருக்கிறவர்கள். அவர்களுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பதென்றால் சும்மா இல்லை. பொறுப்பாகத் தொழில் செய்கிறோமா, தண்ணீரை என்ன செய்கிறோம், ஆட்களை எப்படி நடத்துகிறோம் என்று எல்லாவற்றுக்கும் கோட்பாடுகள் எழுதி, பட்டறையின் முன்னறையில் போர்டாக மாட்ட வேண்டும். அதை எழுத உதவ அவர்கள் தரப்பிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நல்ல மாதிரி, சிரித்த முகம், நம்முடைய காபியைக் குறை சொல்லாமல் குடித்தவர்.

"எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதித் தர்றாங்க. உங்ககிட்ட மட்டும் இருக்கிற மாதிரி ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

மச்சான் அப்பாவின் வீட்டுக் கதையைச் சொன்னார். டீ கிளாஸைச் சொன்னார். செருப்பில்லாமல் ஓடுவதைச் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பே இல்லை. அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தபடி கேட்டார்.

"எவ்வளவு நல்ல விஷயம் சார்! இப்பவும் நீங்க அங்கதானே இருக்கீங்க?"

நான் மேஜை விரிப்பில் இல்லாத கறையைத் தேய்த்தேன்.

"இல்ல மேடம்" என்றார் மச்சான். "அந்த வீட்டை... எங்க ஆளுங்களுக்குக் குடுக்கறோம். வாடகை இல்லாம. அதுவும் தொட்டியைப் பார்த்துக்கிறவர் குடும்பத்துக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு பேச்சே அதுவரை எங்களிடையே இல்லை. நாக்கு நுனியில் வந்ததைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. தொழிலாளர் குடும்பத்துக்கு இலவச வீடு என்பது போர்டில் நான்காவது கோட்பாடாக ஏறியது.

தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் தொட்டிக்காரர் என்றே கூப்பிடுவோம். அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்கும் மனைவிக்கும் பல வருஷக் காத்திருப்புக்குப் பிறகு அப்போதுதான் ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஒற்றை அறையில், குழந்தை அழுதால் வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற இடத்தில் குடியிருந்தார்கள். மாடி வைத்த வீடு, தண்ணீர் வசதி, சமையலறையில் அலமாரி, வாடகை இல்லை என்றதும் அந்தப் பெண் நம்பவில்லை. சாவி கொடுக்கப் போன என்னிடம், "மாடியும் எங்களுக்குத்தானா சார்?" என்று இரண்டாவது தடவையும் கேட்டாள். எனக்கே என்னவோ பெரிய தர்மம் செய்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டில் என் மனைவி விடவில்லை.

"பாப்பாவுக்கு ஆகாத காத்து அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா அண்ணா?"

"எல்லாப் பிள்ளைக்கும் இழுப்பு வராது. பாப்பாவுக்கு உடம்பு வாகு அப்படி" என்றார் மச்சான். "நீயே யோசிச்சுப் பாரு. தொட்டியைப் பார்க்கிற ஆளே தொட்டித் தண்ணி பக்கத்துல இருக்கார். தண்ணி கெட்டா மொதல்ல அவருக்குத்தான் தெரியும். அப்பா நினைச்சதும் இதுதானே?"

அதில் ஒரு பொருத்தம் இருந்தது. நான் பிரமாதமாகத் தலையாட்டினேன். அந்த வீட்டில் யாராவது இருந்தால் போதும் என்று மாமனார் சொன்னதாக நாங்கள் புரிந்துகொண்டோம். மிஷினை நிறுத்தச் சொல்கிற ஆள் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் வீடு கட்டினார் என்பது, அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த மகனுக்கும் உறைக்கவில்லை, மருமகனுக்கும் உறைக்கவில்லை.

பெரிய கம்பெனியின் முதல் ஆர்டரே கறுப்பு. சாயத்திலேயே கறுப்புதான் படுத்தி எடுக்கும். போடுகிற சாயமும் அதிகம், அலசுகிற தண்ணீரும் அதிகம். எல்லா மிஷினிலும் கறுப்பு ஓடியது. தொட்டிக்கு வருகிற தண்ணீர் தெளிய அவகாசமே இல்லை. தொட்டிக்காரர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"சார், தொட்டி தாங்கல சார். ரெண்டு மிஷினையாவது நிறுத்தினாத்தான் தெளியும். இல்லன்னா அப்படியேதான் வெளிய போகுது."

"இந்த ஆர்டர் ஒண்ணு போயிடட்டும்" என்றார் மச்சான். "மொத ஆர்டர்லயே தேதி தள்ளிப் போனா அவங்க திரும்பிப் பார்ப்பாங்களா? கொஞ்சம் சமாளிங்க. மாப்ள, மருந்து கூட வாங்கிப் போடுங்க."

நான் வாங்கிப் போட்டேன். ஒரு நாள் மருந்து டின்களை இறக்குவதற்காகப் பழைய வீட்டுப் பக்கம் போனேன். வாய்க்கால் தார் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டின் ஜன்னல்களில் ஈரத்துணி கட்டியிருந்தார்கள். உள்ளே குழந்தை இருமிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இருமல் தெரியும். அதே வீட்டில், அதே ஜன்னலுக்குப் பின்னால் முன்பே கேட்டிருக்கிறேன். மச்சானிடம் வந்து சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே மாப்ள" என்றார். நான் மேலே பேசவில்லை. சண்டை போட்டிருக்க வேண்டும், மேஜையை உதைத்திருக்க வேண்டும். எனக்கு என் மாப்பிள்ளை மரியாதை பெரிதாக இருந்தது.

தொட்டிக்காரர் மறுபடி வந்து கேட்டார். அதே பதில். மூன்றாவது முறை அவர் கேட்க வரவில்லை. நேரே போய் வாய்க்காலுக்குத் திறக்கிற இரும்புக் கதவை மூடிப் பூட்டிவிட்டார். தொட்டி நிரம்பி, தண்ணீர் பின்னுக்கு ஏறி, பட்டறைத் தரையெல்லாம் கறுப்பு வெள்ளம். மிஷின்கள் நின்றன. மச்சான் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"யாரைக் கேட்டு மூடினீங்க?" அத்தனை ஆட்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது யார் பட்டறை? உங்க பட்டறையா என் பட்டறையா?"

"உங்க பட்டறைதான் சார்" என்றார் தொட்டிக்காரர். "பையனுக்கு மூச்சு விட முடியல சார். பார்த்துட்டு இருக்க முடியல."

"பிள்ளைன்னா இருமத்தான் செய்யும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, செலவை நான் பார்த்துக்கறேன். அதுக்குக் கதவை மூடுவீங்களா? வீடு குடுத்தா தலைக்கு மேலயா ஏறுவீங்க?"

தொட்டிக்காரர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். மச்சானே போய்க் கதவைத் திறந்தார். தேங்கியிருந்ததெல்லாம் ஒரே மூச்சாக அந்த வீட்டு வாசலைத் தாண்டி ஓடியது. அந்த மனிதர் தலையைக் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அன்று சாயங்காலம் நாங்கள் எல்லாரும் மச்சான் வீட்டில் இருந்தோம். காலிங் பெல் அடித்தது. தொட்டிக்காரரின் மனைவி, தோளில் குழந்தையோடு. உள்ளே வரச் சொன்னாலும் செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டவில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க" என்றாள் அக்காவிடம். "பாப்பாவுக்கு மருந்து வைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கியிருந்தீங்களாமே? பாப்பாவுக்கு இப்போ நல்லாயிடுச்சுன்னு சொன்னாங்க. சும்மா இருந்தா கொஞ்ச நாளைக்குத் தர்றீங்களா? பையனுக்கு ரொம்ப இழுக்குது. டாக்டர் தினம் வந்து வெச்சுக்கச் சொல்றார், இவனைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் போயிட்டு வர முடியல." பிறகு அவசரமாக, "வீடு ரொம்ப வசதியா இருக்குக்கா. அதுல ஒரு குறையும் இல்ல" என்றாள்.

அவள் யாரையும் குத்திக்காட்ட வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா ஸ்டூல் போட்டு ஏறி மெஷினை இறக்கினாள். குழந்தையைத் தன் மடியில் வாங்கி, அந்தப் பெண் கொண்டுவந்திருந்த மருந்தை ஊற்றி, குட்டி முகமூடியை அதன் முகத்தில் வைத்துப் பிடித்தாள். கிர்ர் என்று மெஷின் ஓடத் தொடங்கியது. குழந்தையின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. அறைக்குள்ளிருந்த மச்சான் அந்தச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். பாப்பாவுக்குத்தான் என்னவோ என்று நினைத்து ஓடிவந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பாப்பா ஒரு ஓரமாக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மச்சான் அவளைப் பார்த்தார். பிறகு அக்கா மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

அந்தப் பெண் மெஷினை வாங்கிக்கொண்டு போன பிறகு, அக்கா கதவைச் சாத்திவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"நான் என் பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டேங்க. அவ எங்க தூக்கிட்டுப் போவா?"

மறுநாள் காலையில் மச்சான் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பழைய வீட்டுக்குப் போனார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்து அவர்களுக்கு வீடு எடுத்துக் கொடுக்க வேண்டும், வாடகை பட்டறைக் கணக்கில். குழந்தையைப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும். இன்றைக்கே மிஷின்களை நிறுத்திவிட்டுத் தொட்டி வேலையைத் தொடங்க வேண்டும். ஆர்டர் போனால் போகட்டும். "மொதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும் மாப்ள. அத்தனை பேர் முன்னாடி பேசிட்டேன்" என்றார். நானும், "கண்டிப்பா மச்சான்" என்றேன்.

வாசலில் இறங்கியதும் தொட்டிக்காரர் வெளியே வந்து கைகட்டி நின்றார். மச்சானுக்கு நாக்கு எழவில்லை. ஆட்களுக்கு உத்தரவு போட்டே பழகின வாய். அதில் மன்னிப்பு எந்தப் பக்கமாக வரும் என்று அதற்கே தெரியவில்லை. காரில் சொன்னதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நீங்க... இந்த வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்றார்.

தொட்டிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "தப்புதான் சார். இனிமே கேட்காம மூட மாட்டேன் சார்."

"அதுக்கு இல்ல..."

உள்ளேயிருந்து அந்தப் பெண் குழந்தையோடு ஓடிவந்தாள். "அவர் கோவத்துல மூடிட்டார் சார். நேத்து மெஷின் கேட்டு வந்தது பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடறேன். வீட்டை மட்டும் எடுத்துடாதீங்க சார்."

மச்சான் என்னைப் பார்த்தார். "மாப்ள, நீங்க சொல்லுங்க" என்றார். திரும்பிக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும்தான்.

நான் சொன்னேன். ஆபீஸில் பேசுகிற மாதிரியே சொன்னேன். வேறு இடம் ஏற்பாடு செய்து தருகிறோம், கவலைப்பட வேண்டாம், எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்றேன். யாரையாவது வெளியே தள்ளும்போது உலகத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தை அதுதானே என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று நானாவது சொல்லியிருக்கலாம். முதலாளி சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். "சரிங்க சார்" என்றார் தொட்டிக்காரர்.

அன்றைக்கே மிஷின்களை நிறுத்தினோம். அதையும் அவர்கள் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தன்னால் பட்டறையே நின்றுவிட்டது என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். நானும் மச்சானும் வீடு தேடி அலைந்தோம். நாலாபக்கமும் ஜன்னல் வைத்த, மரம் நிற்கிற தெருவில் ஒரு வீடு கிடைத்தது. அடுத்த நாள் சாவியை எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு ஒரு தொட்டிலும் வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு போனோம்.

பழைய வீடு திறந்தே கிடந்தது. பட்டறை வாட்ச்மேன்தான் வந்து சொன்னார், விடியற்காலையிலேயே ஒரு வண்டி பிடித்துச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. எங்கே என்று கேட்டதற்கு, "வேலைக்கு வேற இடம் பார்த்துக்கறோம்" என்று மட்டும் தொட்டிக்காரர் சொன்னாராம். போன் போட்டுப் பார்த்தோம். அணைத்து வைத்திருந்தார்.

வீட்டைக் கூட்டித் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜன்னல்களில் கட்டியிருந்த துணிகளைக்கூட அவிழ்த்துவிட்டிருந்தார்கள். சமையலறை அலமாரியில், துவைத்த துணியில் சுற்றி, அந்த நீல மெஷின் இருந்தது. குட்டி முகமூடியைக் கழுவி உலர வைத்து, தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார்கள்.

மச்சான் அந்த முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளைக்கு வேணுமே மாப்ள" என்றார். "இதை ஏன் வெச்சுட்டுப் போனாங்க?"

வீட்டுக்கு வந்ததும் அக்காதான் அதற்குப் பதில் சொன்னாள். "நம்மளை நல்லவங்கன்னு நினைச்சிருந்தா எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

தேடாத இடமில்லை. தெரிந்த பட்டறைகள் எல்லாவற்றிலும் கேட்டோம். அவர்கள் முன்பு குடியிருந்த ஒற்றை அறையின் சொந்தக்காரரைக் கேட்டோம். அவருக்கு அவர்கள் பெயரே நினைவில்லை. பெரிய கம்பெனியின் ஆர்டர் கைவிட்டுப் போனது. சிரித்த முகத்து அம்மா போனில் வருத்தப்பட்டார். புதுத் தொட்டி கட்டி முடித்தோம். பழையதைவிடப் பல மடங்கு பெரியது. வாடையை இழுக்கிற மிஷினும் வைத்திருக்கிறோம். ஒரு வருஷம்கூட ஆகவில்லை எல்லாம் முடிய. இத்தனை வருஷமாகத் தள்ளிப் போட்டது இந்தச் சின்ன வேலையைத்தான். முன்னறைப் போர்டில் நான்காவது கோட்பாட்டை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருக்கிறோம். மச்சான் இப்போது பழைய வீட்டுக்கே தனியாகத் திரும்பிவிட்டார். வாரக் கடைசியில்தான் அடுக்குமாடிக்கு வருவார். காலையில் டீ கிளாஸோடு வாய்க்கால் கரையில் நிற்கிறார். இன்றைக்கு வாய்க்காலில் அடி தெரிகிறது, வாடை இல்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு குழந்தை தாராளமாக வளரலாம்.

நெபுலைசர் அவருடைய காரின் பின்சீட்டில், அதே துணியில் சுற்றினபடி இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போய்வருகிறது. எங்கேயாவது, எந்தத் தெருவிலாவது அவர்கள் கண்ணில் பட்டுவிட்டால் உடனே கொடுத்துவிட வேண்டுமாம். அந்தக் குழந்தை இந்நேரம் நடக்கத் தொடங்கியிருக்கும். இழுப்பு நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். நாங்கள் யாரும் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் காரில் போய்க்கொண்டிருந்தோம். பாப்பா பின்சீட்டில் இடம் போதாமல் அந்த மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். துணியைப் பிரித்துப் பார்த்தாள்.

"அப்பா, இது என்னோட மெஷின்தானே?"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மச்சான் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "அது இன்னொரு பாப்பாவோடது. பத்திரமா வெச்சுக்கோ."